விருந்தினர் வரும் மாலையில் அடுப்படியிலேயே நிற்காமல் இருக்க ஒரு தயிர் ரொட்டி

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் வீடுகளுக்கு விருந்தினர் வருவதும் கூடிவிடும். பிள்ளைகளின் நண்பர்கள், ஜோகூரிலிருந்து வரும் உறவினர்கள், அலுவலகத் தோழர்கள் என வாரயிறுதிகளில் வரவேற்பறை நிறைந்துவிடுகிறது.

அப்போது பல வீடுகளில் ஒரே காட்சியைப் பார்க்கலாம். வரவேற்பறையில் பேச்சும் சிரிப்பும் களைகட்டியிருக்க, விருந்துக்கு அழைத்தவர் மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார். பூரி சூடு ஆறக்கூடாது, வடை மொறுமொறுப்பு குறையக்கூடாது என்று தட்டுத் தட்டாக அனுப்பி முடிப்பதற்குள் வந்தவர்கள் விடைபெறும் நேரம் வந்துவிடும். அப்படி நிற்பவர் பெரும்பாலும் அம்மாவாகவோ பாட்டியாகவோ இருப்பார்.

சிங்கப்பூரில் கோடை என்று தனிப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் வெயில்தான். பிற்பகலில் வெப்பநிலை 30 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வீவக வீட்டின் சிறிய சமையலறையில், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் ஒரு மணி நேரம் நிற்பது இளையருக்கே சிரமம். மூட்டுவலி உள்ள மூத்தோருக்கு அது தண்டனை.

விருந்தினர் வந்து அமர்ந்ததும் முதலில் நீட்டும் தட்டை மாற்றினாலே இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். அதற்கு ஏற்றது, தயிர் சேர்த்துப் பிசைந்து தோசைக்கல்லில் சுடும் சிறிய தட்டை ரொட்டி. ஈஸ்ட் வேண்டாம், அடுப்புப் பெட்டியான ‘ஓவன்’ வேண்டாம், பொரிக்கவும் தேவையில்லை. விருந்தினர் வருவதற்கு முன்பே சுட்டு முடித்துவிடலாம்.

பிராட்டாவும் இல்லை, நாணும் இல்லை

தட்டை ரொட்டி நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. சிங்கப்பூரில் ரொட்டி பிராட்டா என்றும் மலேசியாவில் ரொட்டி சானாய் என்றும் அழைக்கப்படும் உணவு, காப்பிக்கடைகளிலும் உணவங்காடி நிலையங்களிலும் அன்றாடம் கிடைப்பது. ஆனால், பிராட்டாவை வீட்டில் செய்வது எளிதன்று. மாவை எண்ணெயில் நெடுநேரம் ஊறவைக்க வேண்டும். பிறகு துணி போல மெலிதாக வீசி விரித்து மடிக்க வேண்டும். அதற்குக் கை பழக வேண்டும்.

நாண் ரொட்டிக்கோ தந்தூரி அடுப்பின் கடுஞ்சூடு தேவை. தயிர் ரொட்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நாணின் மென்மையும் தயிரின் இலேசான புளிப்பும் இதில் உண்டு. சப்பாத்தி தேய்க்கத் தெரிந்தவருக்கு இதைச் செய்வதில் தடுமாற்றம் இருக்காது.

தேவையான பொருள்கள்

பத்துப் பேருக்கு முதல் தட்டாகக் கொடுக்கப் பின்வரும் அளவு போதும்.

‘செல்ஃப் ரெய்சிங்’ மாவு 300 கிராம். இது பேக்கிங் பவுடர் கலந்து விற்கப்படும் கோதுமை மாவு, பேரங்காடிகளில் கிடைக்கும்.

கெட்டியான, இனிப்பு சேர்க்காத தயிர் 250 கிராம்.

எண்ணெய் 1 மேசைக்கரண்டி. உப்பு கால் தேக்கரண்டி.

மேலே தடவச் சிறிதளவு நெய் அல்லது எண்ணெய். தேய்ப்பதற்குச் சிறிது உலர்ந்த மாவு.

அந்த மாவு கிடைக்கவில்லை என்றால் சாதாரண மைதாவே போதும். ஒவ்வொரு 150 கிராம் மைதாவுக்கும் 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்து நன்றாகச் சலித்துக்கொள்ளலாம்.

பேக்கிங் பவுடரிலும் சோடியம் இருக்கிறது. சில நிறுவனங்கள் மாவிலேயே உப்பையும் சேர்த்துவிடுகின்றன. அதனால், பொட்டலத்தில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டு உப்பைச் சேர்ப்பது நல்லது.

மாவுக்குள் நடப்பது என்ன?

தோசை மாவு இரவெல்லாம் புளித்துப் பொங்குவது நுண்ணுயிர்களால். தயிர் ரொட்டி உப்புவது வேறு விதம். பேக்கிங் பவுடரில் சமையல் சோடாவும் உலர்ந்த அமிலப் பொருளும் சேர்ந்திருக்கின்றன. ஈரம் பட்டவுடன் இவை வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. தோசைக்கல்லின் சூடு பட்டதும் மேலும் வாயு உண்டாகிறது. அந்த வாயுக் குமிழ்கள்தான் ரொட்டியை உப்பவைக்கின்றன. தயிரில் உள்ள லாக்டிக் அமிலமும் இந்த வினைக்குத் துணைசெய்கிறது, ரொட்டியையும் மென்மையாக்குகிறது.

இதனால்தான் நேரக் கணக்கு முக்கியமாகிறது. பிசைந்த மாவை 20 முதல் 30 நிமிடம் ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும். பிசையும்போது இறுகிய பசைத்தன்மை அந்த இடைவேளையில் தளரும். அப்படித் தளராத மாவைத் தேய்த்தால் ரப்பர் போல மீண்டும் சுருங்கிக்கொள்ளும்.

அதற்காக, காலையிலேயே பிசைந்து மாலையில் சுடலாம் என்று நினைக்கக்கூடாது. நேரம் ஆக ஆக வாயு வெளியேறிவிடும்; ரொட்டி கனத்துப் போகும். நமது வெப்பத்தில், தயிர் கலந்த மாவைப் பல மணி நேரம் மேசைமீது வைத்திருப்பதும் பாதுகாப்பானதன்று.

செய்முறை

அகன்ற பாத்திரத்தில் மாவையும் உப்பையும் கலந்து, நடுவில் குழியாக்கித் தயிரையும் எண்ணெயையும் ஊற்ற வேண்டும். முதலில் கரண்டியால் கிளறி, பின்னர் கையால் சேர்த்துத் திரட்ட வேண்டும். இரண்டு நிமிடம் பிசைந்தால் போதும். அதிகம் பிசைந்தால் ரொட்டி கடினமாகும்.

எல்லாத் தயிரும் ஒரே பதத்தில் இருப்பதில்லை. தயிர் நீர்த்திருந்தால் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாமல், முதலில் 200 கிராம் சேர்த்துப் பார்க்கலாம். மாவு கையில் இலேசாக ஒட்ட வேண்டும், ஆனால் வழியக்கூடாது. சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாக இருப்பதே சரியான பதம்.

பிசைந்த மாவைச் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேகாத கோதுமை மாவில் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். உதவிக்கு வரும் சிறுவர்களிடமும் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

மாவு ஓய்வெடுத்ததும் எட்டு உருண்டைகளாகப் பிரிக்கலாம். ஒவ்வோர் உருண்டையும் ஏறக்குறைய 70 கிராம் இருக்கும். அதைச் சுமார் 15 சென்டிமீட்டர் அகலத்தில், 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்தில் தேய்க்க வேண்டும். வட்டம் கோணலாக இருந்தாலும் கவலையில்லை. எப்படியும் துண்டு போடப் போகிறோம்.

இரும்புத் தோசைக்கல்லை மிதமான சூட்டிற்குச் சற்று மேலாகக் காயவைத்து, ஒரு துளி நீர் தெளித்துப் பார்க்கலாம். துளி உருண்டு துள்ளினால் கல் தயார். எண்ணெய் விடாமல் ரொட்டியைப் போட்டு, மேற்புறத்தில் குமிழ்கள் எழும்பி அடியில் பழுப்புப் புள்ளிகள் விழும்வரை ஒன்றரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை விட வேண்டும். திருப்பிப் போட்டு இன்னொரு நிமிடம் வேகவைத்தால் போதும். எடுத்தவுடன் நெய் அல்லது எண்ணெயை மெலிதாகத் தடவலாம்.

கல் போதிய அளவு காயாமல் இருந்தால் ரொட்டி உப்புவதற்குமுன் உலர்ந்து அப்பளம் போல ஆகிவிடும். பலருடைய முதல் ரொட்டி சரியாக வராததற்கு இதுவே காரணம். ஒட்டாத கல் பயன்படுத்துவோர், அதை வெறுமையாக முழுச் சூட்டில் நெடுநேரம் வைக்கக்கூடாது. மிதமான சூடே போதும்.

மென்மை காக்கும் துணி

சுட்ட ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். உள்ளிருந்து வரும் நீராவி மேற்புறத்தை மென்மையாக்கும். மிகுதியான ஈரத்தைத் துணி உறிஞ்சிக்கொள்ளும். சூடான ரொட்டியை நேராகப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடினால், நீர்த்துளி சொட்டி ரொட்டி நொளநொளத்துவிடும்.

முந்தைய நாளே செய்துவைக்க விரும்புவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்த ரொட்டி விரைவில் விறைத்துப்போகும். வெந்தபோது நீரை உறிஞ்சி இளகிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மீண்டும் இறுகத் தொடங்குகிறது. அந்த இறுக்கம் குளிர்பதனப் பெட்டியின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது.

உறைபெட்டியில் அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். எனவே, நன்றாக ஆறிய ரொட்டிகளுக்கு இடையே தாள் வைத்து, பையில் காற்றுப் புகாமல் கட்டி உறையவைக்கலாம். தேவைப்படும் நாளில் அரை மணி நேரம் வெளியே எடுத்துவைத்து, சூடான கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் வாட்டினால் மென்மை திரும்பிவிடும்.

மேலே வைக்க மூன்று கிண்ணங்கள்

ஒவ்வொரு ரொட்டியையும் ஆறு முக்கோணத் துண்டுகளாக வெட்டினால் மொத்தம் 48 துண்டுகள் கிடைக்கும். மேலே வைப்பவற்றை முன்கூட்டியே தடவி அடுக்கிவிட்டால் ரொட்டி ஊறிப்போகும். தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, விருந்தினர் தாங்களே எடுத்துக்கொள்ளும்படி விடுவதே எளிது.

முதல் கிண்ணம் கொண்டைக்கடலை மசியல். 400 கிராம் டின் ஒன்றின் நீரை வடித்து, 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், ஓர் எலுமிச்சம்பழச் சாறு, அரைத் தேக்கரண்டி வறுத்த சீரகத்தூள், சிறிது உப்பு, தேவையான அளவு தண்ணீர் சேர்த்து அரைக்க வேண்டும். இதை முந்தைய இரவே செய்து குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம்.

இரண்டாவது வெள்ளரிக்காய்ப் பச்சடி. துருவிய வெள்ளரிக்காயில் சிறிது உப்பிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிட வேண்டும். பிழியாமல் கலந்தால் பச்சடி நீர்த்து ரொட்டியிலிருந்து வழியும். பிறகு 200 கிராம் கெட்டித் தயிரும் நறுக்கிய புதினாவும் சேர்த்துக் குளிரவைக்கலாம்.

மூன்றாவது மாம்பழக் கலவை. அதிகம் கனியாத மாம்பழம் ஒன்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, விதை நீக்கிய தக்காளி, பொடியாக அரிந்த பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுடன் கலக்க வேண்டும். வெயில் நேரத்தில் முதலில் காலியாகும் கிண்ணம் இதுவாகவே இருக்கும்.

அசைவம் விரும்புவோர் இருந்தால், பொரித்த நெத்திலியைச் சம்பலில் புரட்டி நான்காவது கிண்ணமாக வைக்கலாம்.

எல்லாரும் கைநீட்டும் தட்டு

சிங்கப்பூர் வீட்டு விருந்தில் பல இனத்தவரும் சமயத்தவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்வது இயல்பு. அங்கு ஒருவர் மட்டும் எதையும் தொட முடியாமல் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தால், விருந்தளித்தவருக்கும் சங்கடம்.

தயிர் ரொட்டியில் முட்டை இல்லை. பௌத்த சைவ உணவு உண்ணும் சீன நண்பர்களில் பலர் வெங்காயத்தையும் பூண்டையும் தவிர்ப்பர். மேலே சொன்ன முதல் மூன்று கிண்ணங்களிலும் அவ்விரண்டும் இல்லாதது அவர்களுக்கு வசதி. முஸ்லிம் நண்பர்கள் வருவதாக இருந்தால், கடையில் வாங்கும் பொருள்களில் ஹலால் முத்திரை உள்ளதா எனப் பார்த்து வாங்கலாம். என்ன பரிமாறப்போகிறோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பால் பொருள்களே உண்ணாதவருக்குத் தயிருக்குப் பதில் வெதுவெதுப்பான நீரில் பிசைந்து, நெய்க்குப் பதில் எண்ணெய் தடவலாம். பேக்கிங் பவுடரிலேயே அமிலப் பொருள் இருப்பதால் தயிர் இல்லாவிட்டாலும் ரொட்டி உப்பும். புளிப்புச் சுவை மட்டும் இருக்காது. நீரைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது அவசியம். 300 கிராம் மாவுக்குத் தயிரின் அளவு நீர் தேவைப்படாது.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த ரொட்டி ஏற்றதன்று. எள் ஒவ்வாமை உள்ளவர்கள் நல்லெண்ணெய் சேர்த்த மசியலைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்தின் முன்பும் என்ன சேர்ந்திருக்கிறது என்று சிறு அட்டையில் எழுதி வைத்தால், யாரும் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியிராது.

நீரிழிவு உள்ளவர்களையும் மறந்துவிடக்கூடாது. சிங்கப்பூர் 2016ஆம் ஆண்டில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது முதல் வெள்ளை மாவையும் இனிப்பையும் குறைப்பது பற்றி நிறையப் பேசப்பட்டு வருகிறது. ஆனாலும், விருந்தில் முதல் தட்டைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த ரொட்டியில் நான்கு துண்டுகளுக்கு ஏறத்தாழ 25 கிராம் மாவு இருக்கிறது. பின்னால் சோறும் வருகிறது என்றால் இரண்டு துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

300 கிராம் மாவில் 100 கிராமை ஆட்டா மாவாக மாற்றுவதும் ஒரு வழி. அப்போது 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஓரிரு மேசைக்கரண்டி தண்ணீரும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஆட்டாவில் உள்ள தவிடு அதிக நீரை உறிஞ்சும் என்பதே காரணம்.

இரண்டு மணி நேரக் கணக்கு

விருந்து மேசையில் அதிகம் கவனிக்கப்படாதது நேரம். கிருமிகள் 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் விரைவாகப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ரொட்டியைவிடப் பச்சடியும் மசியலும் நறுக்கிய பழமும் விரைவில் கெடக்கூடியவை. பெரிய பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு மறந்துபோவதற்குப் பதில், சிறு கிண்ணங்களில் பாதிப் பாதியாக எடுத்து வைக்கலாம். மீதி குளிர்பதனப் பெட்டியில் இருக்கட்டும். முதல் கிண்ணம் தீர்ந்ததும் புதிய கிண்ணத்தைக் கொண்டுவர வேண்டும். பாதி தின்ற கிண்ணத்தின்மேல் புதியதைக் கொட்டக்கூடாது.

நெடுநேரம் வெளியே இருந்த பச்சடியை ‘வீணாகிறதே’ என்று மறுநாளைக்கு எடுத்துவைப்பது பல வீடுகளில் வழக்கம். மிஞ்சிய பச்சடியால் மிச்சமாவது ஒரு வெள்ளியோ இரண்டு வெள்ளியோதான். அதனால் வயிற்றுக் கோளாறு வந்தால் மருத்துவரிடம் செலவாவது அதைவிட அதிகம்.

மாலை 6 மணி விருந்துக்கு

முந்தைய இரவு கொண்டைக்கடலை மசியலை அரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம்.

மாலை 4 மணிக்கு மாவைப் பிசைந்து மூடிவைத்துவிட்டு, அந்த அரை மணி நேரத்தில் வெள்ளரிப் பச்சடியையும் மாம்பழக் கலவையையும் தயாரித்துக் குளிரவைக்கலாம்.

4.30 மணிக்கு உருண்டை பிடித்துத் தேய்க்கத் தொடங்கலாம். ஒருவர் தேய்க்க, இன்னொருவர் சுட்டால் வேலை விரைவில் முடியும். ஒரு ரொட்டிக்கு மூன்று நிமிடம் என்றால் எட்டு ரொட்டிக்கு 24 நிமிடம். 5.15 மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடலாம். குளித்து உடை மாற்றவும் நேரம் இருக்கும்.

6 மணிக்கு முதல் விருந்தினர் வந்ததும், ரொட்டிகளைக் கல்லில் அரை நிமிடம் வாட்டி, துண்டு போட்டு, கிண்ணங்களோடு மேசைக்குக் கொண்டுவரலாம். அதற்குப் பத்து நிமிடத்துக்குமேல் ஆகாது. முக்கிய உணவை முன்பே சமைத்துச் சூடாக வைத்திருந்தால், அதன்பிறகு அடுப்படியில் பெரிய வேலை இல்லை.

கதவைத் திறந்து வரவேற்ற அம்மாவும் பாட்டியும் அதே மேசையில் உட்கார்ந்து, ஒரு துண்டு ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்தவர்களிடம் நலம் விசாரிக்கலாம். விருந்தினர் வந்ததும் அவர்களைப் பார்ப்பதற்காகத்தானே.